ஈயப் பொட்டு வைத்த குதிரை

அண்ணன் இறந்து மூன்று வாரம் கழித்து, அவருடைய சதுரங்கப் பலகையை எடுத்து வர அந்த வீட்டுக்குப் போனேன். அண்ணிதான் வரச் சொல்லியிருந்தார். பலகை இருக்கும் அறைக்குள் காலெடுத்து வைக்கவே அவரால் முடியவில்லையாம்.

பட்டப்பகலிலும் அந்த அறை இருட்டாக இருந்தது. ஈயப் பற்றுவைக்கும் புகை வாசனை அடித்தது. அண்ணன் டிவி, ரேடியோ ரிப்பேர் செய்பவர். அந்த வாசனை அவர் சட்டையிலேயே குடியிருக்கும். ஆனால் மூன்று வாரமாக அங்கே யாரும் பற்றுவைக்கவில்லை.

"ஒரு கறுப்புக் குதிரை குறையும் தம்பி. காதுல ஈயப் பொட்டு வச்சு ஒட்டுனாரே, அது" என்றார் அண்ணி. "கைக்குள்ள இறுக்கிப் பிடிச்சிருந்தாரு. விரலைப் பிரிக்கவே முடியல. அப்படியே அனுப்பிட்டோம்."

நான் பலகையைத் துணியில் சுற்றினேன். வாசல்வரை வந்தவர் கேட்டார்.

"கடைசி ஆட்டத்துல அவர்தான ஜெயிச்சாரு?"

"ஆமா அண்ணி" என்றேன்.

பொய்.

என்னிடமும் அதே மாதிரி பலகை ஒன்று உண்டு. ஆளுக்கொரு ஊரில் இருந்தோம். ஞாயிறு நான்கு மணிக்கு ஆன்லைனில் ஆடுவோம். அவர் அங்கே காயை நகர்த்தினால் என் பலகையில் அந்தக் கட்டங்களில் சிவப்பு விளக்கு எரியும். அவர் காயை நான் நகர்த்தி வைக்க வேண்டும். கடையில் வாங்கியபோது அவ்வளவுதான். அண்ணன் இரண்டையும் பிரித்து, கூடுதலாக ஒரு வேலை செய்தார். காயைத் தூக்கினாலே எதிராளி பலகையில் அந்தக் கட்டம் மினுக்கும்.

காரணம் நான்தான். காயைத் தொட்டுவிட்டு, மூக்கைச் சொறிகிற சாக்கில் திரும்ப வைக்கிற ஆள் நான்.

"தொட்டா ஆடணும்டா. இனிமே உன் திருட்டுத்தனத்த லைட்டு போட்டுக் காட்டும்" என்று சிரித்தார்.

அவரோ முடிவு செய்யாமல் எந்தக் காயையும் தொட மாட்டார். தூக்கினால் அடுத்த நொடி வைத்துவிடுவார். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்த ஞாயிறும் நான் தோற்றுக்கொண்டிருந்தேன். அவர் குதிரை ஒரு தாவு தாவினால் என் ராணி காலி. அந்தக் குதிரையின் கட்டம் மினுக்கியது.

மினுக்கிக்கொண்டே இருந்தது.

பலகை ஓரத்து ஆட்டக் கடிகாரத்தில் அவருக்குப் பதினோரு நிமிடம் மிச்சம். முதல் நிமிடம், யாரோ கதவைத் தட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன். இரண்டாவது நிமிடம், அவர் இப்படிச் செய்கிறவர் இல்லையே என்று தோன்றியது. ஃபோன் என் முழங்கை அருகில்தான் இருந்தது. கூப்பிட்டால் சுதாரித்து ஆடிவிடுவார். இரண்டு வருடத்தில் நான் அவரை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நேரம் தீர்ந்தது. நீங்கள் வென்றீர்கள் என்று திரையில் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷப்பட்டேன்.

வெளியே போயிருந்த அண்ணி திரும்பி வந்து பார்த்தபோது அவர் பலகைமேல் சாய்ந்திருந்தார். பத்து நிமிடம் முன்னால் யாராவது பார்த்திருந்தால் பிழைத்திருப்பார் என்றாராம் டாக்டர்.

நான் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஊரார் பார்வையைச் சரிசெய்வது என் பிழைப்பு.

அண்ணன் பலகையைச் சுற்றிய துணியோடு பீரோவில் வைத்துப் பூட்டினேன். என் பலகை மேசையில் அந்த ஆட்டத்தின் காய்களோடு அப்படியே இருந்தது. கலைக்க மனம் வரவில்லை.

மறு ஞாயிறு. மணி நான்கு.

குதிரையின் கட்டம் மினுக்கியது.

ஃபோனில் எந்த ஆட்டமும் திறந்திருக்கவில்லை. பலகையின் இணைப்பைப் பிடுங்கினேன். மினுக்கல் நிற்கவில்லை. ஓரத்துக் கடிகாரம் பதினோரு நிமிடத்திலிருந்து இறங்கத் தொடங்கியது. இந்த முறை அவர் பக்கத்தில் அல்ல.

என் பக்கத்தில்.

ஈயப் புகை வாசனை அறைக்குள் வந்தது. பீரோவுக்குள் டொக்கென்று ஒரு காய் வைக்கும் சத்தம்.

"அண்ணே" என்றேன்.

ஆறு நிமிடம். நான்கு. என்ன கேட்கிறார் என்று புரிந்தது. ஃபோனை எடுத்தேன்.

"அண்ணி, அவர் ஜெயிக்கல. அவர் குதிரையத் தூக்குனது எனக்கு லைட்டுல தெரிஞ்சுச்சு. பதினோரு நிமிஷம் மினுக்குச்சு. நேரம் போகட்டும்னு பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன்."



"ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமே தம்பி."

வைத்துவிட்டார்.

கடிகாரம் நின்றது. விளக்கு அணைந்தது. மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். அண்ணன் மன்னித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பலகையைப் பார்த்தேன்.

கறுப்புக் குதிரைகள் மூன்று இருந்தன.

மூன்றாவது, என் ராணியை வெட்டும் கட்டத்தில் நின்றது. காதில் ஈயப் பொட்டு. நம்ப முடியாமல் அதைத் தூக்கிவிட்டேன். யாரோ இவ்வளவு நேரம் கைக்குள் வைத்திருந்தது போல் வெதுவெதுப்பாக இருந்தது.

கீழே வைக்கப் பார்த்தேன். விரல்கள் பிரியவில்லை.

இதை இடது கையால் எழுதுகிறேன்.