பிளஷர் காரின் வலது விளக்கு

கச்சிராயபாளையத்தில் ஆதிமூலத்தின் பிளஷர் காரைத் தெரியாதவர்கள் இல்லை. அவர் அப்பா வாங்கிய கறுப்புக் கார். வெளியே முகம் பார்க்கும் அளவுக்குத் துடைத்து வைப்பார். உள்ளே வயரெல்லாம் எலி கடித்துத் தொங்கும். பார்க்கிறவன் கண்ணுக்குப் பளபளப்பாக இருந்தால் போதும் அவருக்கு.

எண்பத்தேழு செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டு மறியல். கள்ளக்குறிச்சி சாலை நெடுக மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் கிடையாது. மாலையில் ஒரு தடவை மட்டும் போலீஸ் ஜீப்புக்குப் பின்னால் வண்டிகளை வரிசையாக அனுப்பினார்கள். முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கைப் பார்த்துத்தான் பின்வண்டி போகவேண்டும். அது எரியாத வண்டியை வரிசையில் விடமாட்டார்கள்.

வண்டிகளுக்கு வயரிங் வேலை செய்யும் சுஐபின் மனைவி சப்ரினுக்கு மதியமே வலி கண்டுவிட்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் பிழைப்பாள் என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். ஊரில் கிடைத்த ஒரே வண்டி பிளஷர்தான்.

"லைட்டைச் சரிபண்ணி எடுத்துக்கினு போ பாய்," என்றார் ஆதிமூலம். சுஐபின் முகத்தைப் பார்க்காமலே வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மாட்டுக்கொட்டகையை ஒட்டிய தகரக் கொட்டகையில் கார் நின்றது. மழை இருட்டிக்கொண்டு வந்தது. சாணி வாடைக்கு அடியில் இன்னொரு வாடையும் இருந்தது. கறிக்கடை வாசலில் நிற்கும்போது வருமே, அது. டிரைவர் வேடியப்பன் பெட்ரோல் வாங்கப் போயிருந்தான். சப்ரினைப் பின்சீட்டில் படுக்கவைத்துவிட்டு சுஐப் விளக்கைப் பார்த்தான்.

இடது விளக்கு எரிந்தது. வலது செத்துக் கிடந்தது. அதன் சிவப்புக் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. கழற்றினால் விளிம்பில் சேறும் கொஞ்சம் மயிரும் ஒட்டியிருந்தன. மாட்டு மயிர் என்று ஊதித் தள்ளினான். பல்பு நன்றாகவே இருந்தது. எர்த்து பிடிக்கிற இடத்தில் துருவைச் சுரண்டிவிட்டு முன்னால் ஓடி சுவிட்சைப் போட்டான். இந்த வேலைக்குப் பின்னால் நின்று பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

காருக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. வேடியப்பன் வந்துவிட்டான் என்று சுஐபுக்கு உயிர் வந்தது.

"அண்ணே, எரியுதா?"

"இல்ல. டிக்கிக்குள்ள பாரு. ஒயரு நசுங்கிக் கெடக்குது."

பின்னால் போய்ப் பார்த்தான். ஆளைக் காணோம். ஒன்றுக்கு ஒதுங்கியிருப்பான் என்று நினைத்துக்கொண்டு டிக்கியைத் திறந்தான். தகடு உள்வாங்கி, வயர் நசுங்கியேதான் இருந்தது. அதை வெட்டி ஒட்டுப்போட்டு மறுபடி முன்னால் ஓடினான்.

"இப்ப?"

"எரியுது."

"பிரேக்கு?"

சுஐப் பிரேக்கை மிதித்துக் காட்டினான்.

"அதான் அன்னிக்கி மிதிக்கல."

அப்போதுதான் எதிரே, ஆள் மட்டும் நுழையும் சின்னக் கதவு வழியாக, வேடியப்பன் பெட்ரோல் கேனோடு நனைந்துகொண்டு வந்தான்.

மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்த தைலம்மாள் கூடையைப் போட்டுவிட்டு வந்து நின்றாள்.

"பாய்... அது எங்க வூட்டுக்காரரு கொரலு."

அவள் புருஷன் பாவாடை முந்தாநாள்தான் செத்திருந்தான். கருமாதிக்கு முன்பே ஆதிமூலம் அவளை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார். மறியலுக்கு வெட்டிய மரம் மேலே விழுந்து செத்தான் என்று ஊரே பேசியது.

வேடியப்பன் கேனைக் கீழே வைத்தான்.

"நான் பாக்கல தைலம்மா," என்று கிசுகிசுத்தான். "மரம் குறுக்க கெடந்துது, ரிவர்ஸ் எடுத்தேன். அவன்தான் பின்னால நின்னு வா வான்னுக்கினு இருந்தான். அந்தப் பக்கம் லைட்டு இல்ல. கொரலு நின்னப்பொறம்தான் தெரிஞ்சுது. அய்யாதான் மரத்துக்கு அடியில இழுத்துப் போடச் சொன்னாரு."

சொல்லிவிட்டு மழைக்குள் ஓடியே போய்விட்டான்.

தைலம்மாள் அழவில்லை. காருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"என்னாண்ட ஒரு வார்த்தை பேசேன்," என்றாள் இருட்டைப் பார்த்து.

சப்ரின் அலறினாள். சுஐப் பெட்ரோலை ஊற்றிவிட்டு ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தான். ரிவர்ஸில் போனால்தான் வெளியே போக முடியும்.

"நவுருக்கா! இவ செத்துருவாக்கா!"

அவள் அசையவில்லை.

"வா," என்றது பின்னாலிருந்து அந்தக் குரல். "வா... வா..."

சுஐபின் கால் பிரேக்கிலேயே விறைத்துப்போனது. கண்ணாடியில் தைலம்மாளின் முகம் சிவப்பாகத் தெரிந்தது. அவள் தோளுக்கு மேல் சேறு அப்பிய ஒரு கை வந்தது. மெதுவாக, வலிக்காமல், அவளைச் சுவரோரம் நகர்த்தியது.

வழி விட்டாயிற்று. சுஐப் கண்ணை மூடிக்கொண்டு வண்டியைப் பின்னால் எடுத்தான்.

கூட்ரோட்டில் வண்டிகள் வரிசையில் நின்றன. மழைக்கோட்டு போட்ட போலீஸ்காரர் டார்ச்சோடு பின்பக்கம் சுற்றிப் பார்த்துவிட்டு ஜன்னலுக்கு வந்தார்.

"லைட்டு எரியுது. சரி. ஏன்யா, பின்னால ஒருத்தன் வண்டியப் புடிச்சிக்கினு நனையறான், அவன ஏத்திக்க மாட்டியா?"

"எங்ககூட யாரும் வரல சார்."

"வெளையாடறியா? ரோட்டுல ஒரு ஆளைக்கூட வுடக்கூடாதுன்னு ஆர்டர். ஏத்தினாத்தான் வண்டி நவுரும்."

முன்னால் ஜீப் புறப்பட்டது. சப்ரினின் முனகல் தேய்ந்துகொண்டே வந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்தால் அதுவும் நின்றுவிடும். சுஐப் பின்னால் எட்டி, அவள் கால்மாட்டுக் கதவைத் திறந்துவிட்டான்.

யாரும் ஏறவில்லை. சாரல்தான் உள்ளே அடித்தது. கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

சப்ரின் கண்ணைத் திறக்காமலே கால்களை மடக்கிக்கொண்டாள்.

"உக்காருங்கண்ணே," என்றாள்.