மூடிய அறையின் கொசுக்கள்

கண்ணாடிக் குழாயில் சிக்கிய கொசுவின் வயிறு சிவப்பாக இருந்தது. தங்கைக்கு அதுதான் உறுத்தியது.

தீவில் வீடுவீடாகப் போய்க் கொசு பிடித்து, எந்தக் காய்ச்சல் எங்கே பரவுகிறது என்று கண்டறிவது அவள் வேலை. அக்கா வீட்டை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தாள். போன மழைக்காலத்துக் காய்ச்சல் அத்தானைக் கொண்டுபோய்விட்டது. இன்று மாலைப் படகிலாவது அக்காவை இங்கிருந்து அழைத்துப் போய்விட வேண்டும்.

அக்கா பிடிகொடுக்கவில்லை. துணி மடித்துக்கொண்டே, "உங்க அத்தான் ஈ ஓட்டுற கடை வச்சிருந்தார், நீ கொசு பிடிக்கிறே. நல்ல குடும்பம்டீ" என்று கேலி பேசினாள்.

வயிறு நிறையக் குடித்த கொசுவால் தூரம் பறக்க முடியாது. கடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே எங்காவது ஒட்டிக்கொண்டு செரிக்கும். குடித்த ரத்தம் மறுநாளே கறுத்துவிடும். சிவப்பு என்றால் சற்றுமுன் குடித்தது. இந்தக் கொசுவை அவள் பிடித்தது அத்தானின் அறைக் கதவில். அந்த அறை அவர் போனதிலிருந்து மூடிக் கிடக்கிறது. அக்காவின் கைகால்களிலோ ஒரு தடிப்புகூட இல்லை.

"உன்னைக் கடிக்கிறதில்லையாக்கா?"

"என்னை ஒண்ணுகூடத் தொடமாட்டேங்குது."

அப்போது, மூடிய கதவுக்குப் பின்னால், தூக்கக் கலக்கத்தில் தோளில் கடிக்கும் கொசுவை ஒருவர் அடித்துக்கொள்வதுபோல, 'பட்' என்று ஒரு சத்தம்.

அக்கா துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

தங்கை கதவைத் திறந்து உள்ளே போனாள். ஈரச் சுவர் வாடையும், அத்தான் நெற்றியில் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் காரமும், அவற்றுக்கடியில் துருப்பிடித்த இரும்புபோன்ற ஏதோ ஒன்றும் சேர்ந்து மூக்கில் ஏறின. சாத்திய ஜன்னலின் இடுக்கில் வந்த வெளிச்சத்தில் சுவரெங்கும் சிவந்த வயிறுகள் தெரிந்தன. கட்டிலில் யாருமில்லை. அவளுக்கு மூச்சு வந்தது.

பிறகு மெத்தையைப் பார்த்தாள்.

மெத்தைக்கு ஒரு சாண் மேலே, வெறும் காற்றில், கொசுக்கள் உட்கார்ந்திருந்தன. பறக்கவில்லை. உட்கார்ந்திருந்தன. பாதம். கணுக்கால். மடக்கிய ஒரு முழங்கால்.

அத்தான் எப்போதும் அப்படித்தான் படுப்பார்.

நெஞ்சுப் பக்கத்துக் கொசுக்கள் மெல்ல உயர்ந்தன. தாழ்ந்தன. உயர்ந்தன. அவற்றின் வயிறுகள் ஒவ்வொன்றாகச் சிவந்துகொண்டிருந்தன.

குழாய் கை நழுவி உடைந்தது.

"சத்தம் போடாதே" என்று அக்கா காதருகே கிசுகிசுத்தாள். எப்போது வந்தாள்? "கடி தாங்காம எந்நேரமும் புரண்டுட்டே இருக்கார். எனக்குப் பார்க்கச் சகிக்கலை."

தொலைவில் படகின் சங்கு ஊதியது. அக்கா கதவை உள்பக்கமாகச் சாத்தித் தாழிட்டாள். தங்கையின் மணிக்கட்டைப் பிடித்து, சின்ன வயதில் சோறு ஊட்டுவதற்கு முன் செய்வதுபோல, சட்டைக் கையை முழங்கை வரை பதமாகச் சுருட்டிவிட்டாள்.

"கொஞ்ச நேரம் உட்காரேன்டீ. அவர் தூங்கட்டும்."

தங்கையால் அசைய முடியவில்லை. முதலில் பாதம் கலைந்தது. பிறகு முழங்கால். தோள். முகம். ரீங்காரம் அறையைச் சுற்றி வந்து அவளுடைய வெற்றுக் கையில் இறங்கியது. கையின் நிறம் மறைந்தது.

காலியான கட்டில் ஒருமுறை கிரீச்சிட்டது. பிறகு, நிம்மதியாக, குறட்டைச் சத்தம் கேட்கத் தொடங்கியது.