நீலம் ஏறாத தட்டு

ஆய்வகத்தில் ஆறாம் தட்டில் வளர்த்த செல்களுக்குப் பதினோரு நாளாகத் தீனி மாற்ற மறந்திருந்தாள். சிவப்பாக இருக்கவேண்டிய திரவம் மஞ்சளாகி, மூடியைத் திறந்ததும் புளித்த வாடை மூக்கில் ஏறியது. நியாயமாக அவை என்றைக்கோ செத்திருக்க வேண்டும். நீலச் சாயம் விட்டுப் பார்த்தாள். செத்த செல்லில்தான் சாயம் ஏறும். சனியன், ஒன்றில்கூட ஏறவில்லை.

அந்தத் தட்டில் அவள் விட்டிருந்தது, செல்லுக்கு 'வெடித்துச் சாவு' என்று உத்தரவு போடும் ஒரே ஒரு நொதியின் குழிக்குள் போய் உட்கார்ந்து, அதன் வாயை மட்டும் அடைக்கிற மருந்து. அதைச் செதுக்க நாலு வருஷம் பிடித்தது. அந்த வெடிப்புதான் அவள் தம்பியின் குடலைப் புண்ணாக்கியிருந்தது. அவளுக்கென்று மிச்சமிருந்தது அவன் ஒருவன்தான். முதல் தடவை சாயம் ஏறாததைப் பார்த்த சந்தோஷத்தில், யாருக்கும் தெரியாமல் அன்றே முப்பது மாத்திரை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். அதுவும் பதினோரு நாளைக்கு முன்னால்தான்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க," என்றாள் பக்கத்து மேஜைக்காரி. "சாயம் ஏறலைன்னா செல்லோட சவ்வு கிழியலைன்னுதானே அர்த்தம்? உயிர் இருக்குன்னு யார் சொன்னா? செல்லுக்குள்ள சக்தி ஏதாவது உண்டாகுதான்னு அளந்து பார்த்தேன். சுத்தமா பூஜ்யம். எல்லாம் செத்து ரொம்ப நாளாச்சு."

"அப்புறம் ஏன் முழுசா இருக்கு?"

"உங்க மருந்து கிழிய விடலை. பக்கத்துத் தட்டுலயும் இதே மருந்துதானே, அதைக் கழுவி எடுத்தேன். பத்தே நிமிஷம். மொத்தமும் கிழிஞ்சு கூழாயிடுச்சு."

வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள். தம்பி வீட்டுக்கு எப்படி ஓட்டிவந்தாள் என்றே தெரியவில்லை.

மதிய வெயில் திரைச்சீலை வழியே மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. கூடத்தில் அதே புளித்த வாடை. தம்பி சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். பேசும்போது மட்டும் நெஞ்சு ஏறி இறங்கியது.

"வலியே இல்லக்கா. பசியும் இல்ல."

கையைப் பிடித்தாள். சில்லென்று இருந்தது.

"டேய், மூச்சு விடுடா."

"எதுக்குக்கா?"

மேஜை மேல் மாத்திரைப் புட்டியைத் தேடினாள்.

"மாத்திரை எங்கடா? ஒரு வேளைகூட நிறுத்தக்கூடாது. புரியுதா?"

"வலி போன குஷியில தினம் மூணு முழுங்கிட்டேன். நேத்தோட காலி," என்று சிரித்தான்.

உதட்டு ஓரத்தில் மெல்லிய கீறல். ரத்தம் இல்லை.

"அக்கா... இப்ப லேசா வலிக்குது."

சிரிப்பை நிறுத்திவிட்டான். வாய் மட்டும் காதை நோக்கி விரிந்துகொண்டே போனது.