சுடாத செங்கற்கள்

சாந்தா எவுலாலியா மிஷனின் தேவாலயச் சுவர் ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் பாடியது. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையில் இருந்த அந்த மண் கட்டடத்துக்குள் கூட்டம் கண்ணை மூடி உட்கார்ந்து, எப்போதோ இறந்துபோனவர்களின் குரலைக் கேட்டது. லத்தீன் துதிப்பாடல் ஒன்றை ஆண்களும் பெண்களும் சேர்ந்து பாடினார்கள். கேட்டவர்களில் சிலர் அழுதார்கள். எவ்வளவு நிம்மதியாக வாழ்ந்திருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டே கார்களுக்குத் திரும்பினார்கள்.

சுவரைப் பாடவைத்த கருவிக்குக் களிச்செவி என்று பெயர். ஈரக் களிமண்ணின் அருகே யாராவது பேசினால் அந்த அதிர்வில் மண்ணின் நுண்துகள்கள் ஒருபக்கமாகச் சாய்கின்றன. வெயிலில் காயும்போது அந்தச் சாய்வு அப்படியே உறைந்துவிடுகிறது. சூளையில் சுட்டால் அழிந்துவிடும். இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஸ்பானியப் பாதிரிமார்கள் சுடாத செங்கல்லால் கட்டியதால் சாந்தா எவுலாலியாவின் சுவர்களில் எல்லாம் தங்கிவிட்டது. களிச்செவி ஊடுகதிரால் அந்தச் சாய்வைப் படித்து மறுபடி ஒலியாக்கியது.

மிஷனை நடத்திய அறக்கட்டளைக்கு இதில் இன்னொரு லாபமும் இருந்தது. சுற்றியிருந்த புல்வெளி மீது ஒரு கட்டட நிறுவனம் வழக்குப் போட்டபோது, ஓடையிலிருந்து குன்றுவரை எல்லை சொல்லிப் பாதிரியார் ஒருவர் நிலத்தை ஆசீர்வதித்த குரலைச் சுவரிலிருந்து எடுத்துக் கொடுத்து அறக்கட்டளை ஜெயித்தது. அதைப் பின்பற்றி மாநிலம் மண் சாட்சிச் சட்டத்தை இயற்றியது. களிமண்ணில் பதிந்த குரல் பத்திரத்தைவிட வலுவான சான்று என்றது சட்டம். அறக்கட்டளையின் தலைவர் ஹோல்டன் ப்ரூஸ்டர் அன்று செய்தியாளர்களிடம், காகிதத்தில் யாரும் எதையும் எழுதலாம், மண்ணுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்றார்.

களிச்செவியை இயக்கியவள் செம்மலர். தூத்துக்குடியில் ஒலிப்பொறியியல் படித்துவிட்டு இந்த வேலைக்காகவே வந்தவள். பாடியவர்கள் யார் என்று அவள் கேட்டபோது ப்ரூஸ்டர் ஓலோனி மக்கள் என்றார், இப்போது அவர்கள் இல்லை என்றும் சேர்த்துக்கொண்டார். பாடப்புத்தகமும் அப்படித்தான் சொன்னது. நூறு ஆண்டுகளுக்கும் முன்னால் ஓர் அறிஞர் அந்த இனம் அழிந்துவிட்டது என்று எழுதினார். அதை நம்பி அரசாங்கமும் பழங்குடிப் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிட்டது.

அழிந்துபோன அந்த இனத்தைச் சேர்ந்த இனெஸ் கோர்தெரோ ஒரு செவ்வாய்க்கிழமை மிஷனுக்குக் காரோட்டிக்கொண்டு வந்தாள். ஐம்பது வயது. மொழியியல் பேராசிரியை. பேச ஆளில்லாமல் போன தன் முன்னோர் மொழியைப் பழைய குறிப்புகளிலிருந்து மீட்டு, வீட்டில் பிள்ளைகளோடு அதிலேயே பேசுபவள். பாட்டு உண்மையானது என்று ஒரு நிபுணர் சொன்னதாகப் பலகை வைக்க ப்ரூஸ்டர்தான் அவளை அழைத்திருந்தார்.

இனெஸ் பாட்டைக் கேட்டாள். லத்தீன் உச்சரிப்பில் தன் மொழியின் சாயல் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டாள். பிறகு செம்மலரிடம் கேட்டாள்.

"செங்கல் அறுக்கறவங்க நாள் முழுக்கவா பாடிட்டே இருந்திருப்பாங்க? மத்த நேரம் என்ன பேசினாங்க?"

செம்மலருக்குத் தெரியவில்லை. பாட்டு தவிர மற்றதையெல்லாம் இரைச்சல் என்று வடிகட்டச் சொல்லியிருந்தார்கள், அவளும் வடிகட்டியிருந்தாள். இப்போது வடிகட்டியை எடுத்துவிட்டு, பெண்கள் கொட்டடியின் சுவரை ஓடவிட்டாள். கல்யாணமாகாத பெண்களையும் சிறுமிகளையும் இரவில் பூட்டிவைத்த கொட்டடி அது.

முதலில் சேறு மிதிக்கும் சத்தம் கேட்டது, பிறகு இருமல். அதன்பின் ஓர் இளம்பெண் பேசினாள். இனெஸ் வரிவரியாக மொழிபெயர்த்தாள்.

குன்றில் இந்த ஆண்டும் புல்லைக் கொளுத்த விடவில்லை என்றாள் அந்தப் பெண். கொளுத்தினால்தான் மறுபருவம் விதை செழிக்கும், கொளுத்தினால் சவுக்கடி. முளைத்த கொஞ்சத்தையும் அவர்களுடைய மாடுகள் தின்றுவிட்டன. அதனால்தான் கஞ்சிக்காக இங்கே வந்தோம். தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் என்றார்கள், அதற்குப் பிறகு ஊருக்குப் போகக்கூடாது என்கிறார்கள். அண்ணன் கோரைப்படகில் ஓடிப்போனான், சிப்பாய்கள் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அவன் முதுகைப் பார்த்தாயா?

இன்னொருத்தி, இருமல் நின்றதும் நாம் இரண்டு பேரும் போய்விடலாம் என்றாள். கரையிலிருக்கும் சிப்பி மேட்டில் அம்மாவைப் புதைத்திருக்கிறது, அங்கே போய்விட்டால் யாராவது நம் ஆட்கள் இருப்பார்கள் என்றாள்.

இனெஸ் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டாள். அந்தச் சிப்பி மேடு இப்போது இல்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தன் மக்கள் இறந்தவர்களைப் புதைத்த மேடுகளை வெட்டிச் சாலைக்குக் கொட்டினார்கள் என்றும், மிச்சத்தின்மேல் கார் நிறுத்துகிறார்கள் என்றும் செம்மலரிடம் சொன்னாள். அவள் அழவில்லை. முகம் கறுத்துப்போய், அடுத்த செங்கல் என்றாள்.

அன்று சாயங்காலத்துக்குள் விஷயம் ப்ரூஸ்டருக்குப் போய்விட்டது. அவர் கோபப்படவில்லை, அதுதான் செம்மலருக்கு எரிச்சலாக இருந்தது. வருகிறவர்கள் மன அமைதிக்காக வருகிறார்கள், அவர்களுக்கு எதற்கு இருமல் சத்தம் என்றார். மூலப்பதிவை அழித்துவிடச் சொன்னார்.

"அது சத்தம் இல்ல சார், பேச்சு," என்றாள் செம்மலர். "என் பாட்டன் பேசினதை எவனாவது இரைச்சல்னு சொன்னா நான் சும்மா இருப்பேனா? இவங்க மட்டும் ஏன் இருக்கணும்?"

மறுநாள் அவளுக்கு அங்கே வேலை இல்லை.

பதிவும் அழிந்தது. ஆனால் கட்டட நிறுவனத்தோடு நடந்த வழக்கில், சுவரில் நாங்கள் எதையும் மறைக்கவில்லை என்று காட்ட அறக்கட்டளையே வடிகட்டாத முழுப் பதிவையும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்திருந்தது. மண் சாட்சிச் சட்டப்படி அது பொதுமக்களுக்குத் திறந்திருந்தது. இனெஸும் செம்மலரும் மனுப் போட்டு வாங்கிக் கேட்கத் தொடங்கினார்கள். குளிர்காலம் முழுவதும் கேட்டார்கள்.

தானியக் கிடங்குச் சுவரில் இரண்டு ஸ்பானியக் குரல்கள் இருந்தன. ஒன்று சிப்பாய்களின் தலைவனுடையது. தன் மாடுகளுக்கு ஓடைக்கரைப் புல்வெளி வேண்டும் என்றான். எல்லை சொன்ன அதே பாதிரியார் பதில் சொன்னார்.

"அது உன்னுதும் இல்ல, என்னுதும் இல்ல. ராஜாவோட சட்டப்படி இவங்க நிலம். பத்து வருஷம் இவங்களைப் பழக்கிட்டுத் திருப்பிக் கொடுத்துடணும்."

"கொடுப்பீங்களா?"

"அதுக்குள்ள வாங்கிக்க எத்தனை பேர் மிஞ்சியிருப்பாங்க?" என்றார் பாதிரியார். தலைவன் சிரித்தான்.

இனெஸ் அதை ஒருமுறைதான் கேட்டாள். மறுநாளே தன் மக்களின் பெயரில் வழக்குத் தொடுத்தாள்.

நீதிமன்றத்தில் அந்தச் சிரிப்பு ஒலித்தபோது ப்ரூஸ்டர் தலை நிமிரவில்லை. அவருடைய வழக்கறிஞர் எழுந்து களிச்செவியை நம்ப முடியாது என்று வாதாடினார். துகள்கள் மழையில் நகரும், எலி வளை தோண்டும், கருவி தானாகக் கற்பனை செய்துகொள்ளும் என்றார். நீதிபதி குறுக்கிட்டு, அப்படியானால் எல்லை சொன்ன குரலும் கற்பனைதானே, எதை வைத்து நிலத்தை ஜெயித்தீர்கள் என்று கேட்டார். வழக்கறிஞர் அது வேறு என்றார். மனுதாரர்கள் அழிந்துபோன இனம், அவர்களுக்கு வழக்குத் தொடுக்க உரிமை இல்லை என்று அடுத்த வாதத்துக்குத் தாவினார்.

இனெஸ் அனுமதி கேட்டு எழுந்தாள்.

"அழிஞ்சுபோனவ இங்கதான் நிக்கிறேன். ஸ்பெயின்காரங்க கொட்டடியில பூட்டினாங்க, மெக்சிகோக்காரங்க வந்து நிலத்தைப் பண்ணைக்காரங்களுக்குப் பிரிச்சுக் கொடுத்தாங்க, அமெரிக்கர்கள் வந்து எங்களை வேட்டையாட ஆள் அனுப்பினாங்க. தப்பிச்சவங்க உயிருக்குப் பயந்து மெக்சிகோக்காரங்கனு சொல்லிக்கிட்டாங்க. அதைப் பார்த்துட்டு, ஆளே இல்லனு எழுதிட்டீங்க. நாங்க ஒளிஞ்சுக்கிட்டோம். சாகல."

பத்தாண்டு கெடு எப்போதோ முடிந்துவிட்டது என்று தீர்ப்பு வந்தது. மிஷனும் புல்வெளியும் இனெஸின் மக்களுக்குப் போயின. சனிக்கிழமைக் காட்சி நின்றது.

அதற்குப் பிறகுதான் ஊருக்குப் பயம் பிடித்தது. இனெஸின் உறவுக் குடிகள் ஒவ்வொன்றாக மனுப் போட்டன. தெற்கே ஒரு பண்ணையின் மண் சுவரில் குடும்பங்களை விரட்டச் சொன்ன உத்தரவு கேட்டது. வடக்கே பழைய கோட்டை ஒன்றில் ஒரு குழந்தைக்கு விலை பேசிய குரல்கள் இருந்தன. பாட்டைக் கேட்டு அழுதவர்களே இப்போது ஊர்வலம் போனார்கள். எங்கள் வீட்டை மண்ணின் பேச்சைக் கேட்டுப் பறிப்பதா என்று சட்டமன்ற வாசலில் கத்தினார்கள். சட்டமன்றம் ஒரே அமர்வில் மண் சாட்சிச் சட்டத்தை ரத்து செய்தது. முன்பு அதைக் கொண்டுவந்த உறுப்பினரே ரத்துக்கும் முன்மொழிந்தார். நிலுவையில் இருந்த மனுக்கள் எல்லாம் தள்ளுபடியாயின. இனெஸ் கேட்டது ஒரு மிஷன் அல்ல, ஒரு கரை முழுவதும். கிடைத்தது, ரத்துக்கு முன்பே தீர்ப்பாகிவிட்ட அந்த மிஷனும் புல்வெளியும் மட்டுந்தான்.

சட்டம் போனாலும் பயம் போகவில்லை. ஈர சிமென்ட்டும் கேட்கும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அது உண்மையா என்று செம்மலரிடம் கேட்டுக் கேட்டு அலுத்தார்கள். விரிகுடா முழுவதும் இப்போது கான்கிரீட் போடும் இடத்தில் பேசக்கூடாது என்று பலகை தொங்குகிறது. பங்களா கட்டுகிறவர்கள் அடித்தளம் இறுகும்வரை சைகையில் பேசிக்கொள்கிறார்கள், பிறகு உள்ளே குடிபோய் அங்கேயும் குரலைத் தாழ்த்துகிறார்கள்.

சாந்தா எவுலாலியாவில் கொட்டடியை இடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் கட்டினார்கள். இனெஸின் மகள்களும் அக்கம்பக்கத்துக் குடும்பங்களும் சேறு மிதித்துச் செங்கல் அறுத்தார்கள். சமையலைப் பற்றியும், புருஷன்மார்களைப் பற்றியும், இலையுதிர்காலத்தில் குன்றை எந்தப் பக்கமிருந்து கொளுத்துவது என்பதைப் பற்றியும் தங்கள் மொழியில் ஒரே நேரத்தில் பேசினார்கள். தெருவில் போகிறவர்கள் நின்று, வாயில் விரல் வைத்து, மெதுவாகப் பேசச் சொல்லிச் சைகை காட்டினார்கள். செங்கல் அறுத்தவர்கள் இன்னும் சத்தமாகப் பேசினார்கள்.