வாறேன் என்று சொன்னவர்

வீட்டுக்குள் தூசி இல்லை. மரியராஜின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். ஜன்னலை இறுக்கிச் சாத்தி, இடுக்கில் ஈரத்துணி அடைத்துவிட்டு டூட்டிக்குப் போனாலும், சாயங்காலம் திரும்பி வரும்போது மேசைமேல் விரலால் பெயர் எழுதலாம். அப்படிப்பட்ட நாடு இது. இந்த வீடோ வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடப்பதாக ஹவுசிங் ஆபீசில் சொல்லியிருந்தார்கள். ஆனால் தரை சில்லென்று இருந்தது. சுவரோரத்தில் துடைத்த ஈரம்கூட இன்னும் காயவில்லை.

சந்தேகப்பட அவனுக்குத் தெம்பில்லை. ராஸ் லஃபானில் கேஸ் பிளாண்டை நிறுத்திவைத்துப் பழுது பார்க்கும் ஷட்டவுன் வேலை முந்தின நாள்தான் முடிந்திருந்தது. காதுக்குள் கம்ப்ரஸர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் சாய்ந்தால் நின்றபடியே தூங்கிவிடுவான். யாரோ ஒரு புண்ணியவான் பெருக்கித் துடைத்திருக்கிறான், நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டான்.

எப்படியாவது ஒரு வீடு கிடைத்தாக வேண்டும். ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக தோஹாவையே இடித்துக் கட்டிக்கொண்டிருந்த வருஷம் அது. ஒரே அறையில் மனைவி மகளோடு அவன் ஒண்டிக்கொண்டிருந்த பழைய வில்லாவையும் இடிக்கப் போகிறார்கள். வெளியில் வாடகையை விசாரித்தாலே தலை சுற்றியது. இந்த மாதத்துக்குள் வீடு அமையாவிட்டால் ஷாஜினியும் ரினியும் குளச்சலுக்குத் திரும்ப வேண்டியதுதான், அவனுக்கு மறுபடியும் கேம்ப்பில் இரட்டைக் கட்டிலின் மேல்தட்டு. மகள் பிறந்தபோது அவன் பக்கத்தில் இல்லை. நடை பழகியபோது இல்லை. முதல் பல் விழுந்தபோதும் இல்லை. இனிமேலும் அப்படி இருக்க அவனால் முடியாது.

அப்போதுதான் பழைய டவுனில் வீடு தருகிறோம் என்று கம்பெனி சொன்னது. எண்ணெய் கண்ட புதிதில் இங்கிலீஷ்காரர்கள் பாலைவனத்தின் நடுவில் கட்டிய ஊர். வெள்ளிக்கிழமை காலைப் பூசை முடிந்த கையோடு மூவரும் காரில் கிளம்பினார்கள். வழியெல்லாம் மணல், குழாய், பம்ப், மறுபடியும் குழாய். தூரத்தில் வாயு எரிகிற நெருப்பு வெயிலில் நிறமிழந்து ஆடிக்கொண்டிருந்தது.

கேட்டைத் தாண்டியதும் வேறு தேசத்துக்குள் நுழைந்ததுபோல் ஆகிவிட்டது. கரி படிந்த செங்கல் வொர்க்‌ஷாப்புகள், உயரமான புகைபோக்கி, முள் நின்றுபோன மணிக்கூண்டு, கதவில் பலகை அறைந்த சினிமா கொட்டகை, பூட்டிய கிளப், பூட்டிய சின்ன வேதக்கோயில். அதற்கப்பால் ஒரே அச்சில் வார்த்ததுபோல் வரிசை வீடுகள், எல்லாவற்றுக்கும் சரிந்த ஓட்டுக்கூரை. வருஷத்துக்கு நாலு தூறல் விழுகிற இடத்தில் எந்த மழைக்கு இந்தச் சரிவு? இங்கிலாந்தில் தான் பிறந்து வளர்ந்த மில் ஊரைத் தலைமை எஞ்சினியர் அப்படியே நகல் எடுத்துவிட்டாராம். ஹாலில் குளிர்காயும் அடுப்புகூட உண்டு என்று கேட்டதும் ஷாஜினி சிரித்தாள்.

"ஜூன் மாசத்துல ராத்திரி முழுக்க தீ காயலாங்க."

வொர்க்‌ஷாப் வாசலில் ரினியை நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். உடைந்த கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தால் உள்ளே பெரிய பெரிய லேத்துகள் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தன. துருவும் பழைய கிரீஸும் கலந்த வாடை வந்தது. தெருவில் ஒரு சுடுகுஞ்சு இல்லை. ஷட்டவுன் முடிந்த பிளாண்டில்கூட எங்காவது ஒரு விசிறி சுற்றும். இந்த ஊரில் எதுவுமே சுற்றவில்லை.

வீட்டுச் சாவியோடு கௌஸ் முகம்மது காத்திருந்தார். ஹவுசிங் செக்‌ஷனில் வேலை, காயல்பட்டினத்துக்காரர். அத்தர் மணக்க வீட்டின் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். "நீங்க உள்ள போய்ப் பாருங்க தம்பி. நான் இங்கனயே நிக்கேன்." ரினி காரில் தூங்கிவிட்டிருந்தாள். ஏசியைப் போட்டுக்கொண்டு ஷாஜினியும் காரிலேயே இருந்தாள். மரியராஜ் மட்டும் உள்ளே வந்தான்.

அப்படி வந்தவன்தான் தூசியில்லாத ஹாலில் நின்றுகொண்டிருந்தான். யாரோ விட்டுப்போன மேசையும் நாற்காலிகளும் துடைத்த பளபளப்போடு இருந்தன. அடுக்களைப் பக்கமிருந்து இஞ்சி தட்டிப்போட்ட தேயிலை கொதிக்கும் வாசனை லேசாக வந்து போயிற்று. பிறகு ஒரு ஜோடி செருப்பு தரையில் தேய்ந்து நடக்கும் சத்தம். ஒரு செருமல். வேலையெல்லாம் முடித்துவிட்டுக் கிளம்புகிறவரின் குரல், தணிவாக, மரியாதையாக:

"அப்ப நான் வாறேன்."

"சரி, வாங்க" என்றான் மரியராஜ்.

யோசித்துச் சொன்னதில்லை. போகிறவர் போகிறேன் என்று சொல்லமாட்டார், வழியனுப்புகிறவரும் போங்கள் என்று சொல்லமாட்டார். தும்மல் மாதிரி அது தானாக வாயில் வருவது.

செருப்புச் சத்தம் பின்வாசல் வரை போய் நின்றது. யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டதும் சட்டென்று திரும்பி நிற்பார்களே, அப்படி ஒரு நிற்றல். அதன்பிறகு சத்தமே இல்லை. மரியராஜ் அடுக்களைக்குள் போனான். அடுப்பு இருந்த இடம் வெறுமையாக இருந்தது. பின்கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. தாழ்ப்பாள் துருவேறி இறுகிப்போயிருந்தது.

வெளியே வந்து கேட்டான். "பாய், வீட்ட கிளீன் பண்ண நம்ம ஊரு ஆள விட்டிருக்கியளா?"

"நான் யாரையும் விடலியே."

"உள்ள ஒருத்தரு பேசினாரு. வாறேன்னு சொன்னாரு."

கௌஸ் முகம்மது கையிலிருந்த சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "நீங்க பதில் சொன்னியளா?"

"சரி வாங்கன்னு சொன்னேன். வேற என்ன சொல்லுவாவ?"

அவர் சொல்ல வந்ததைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிட வேண்டும் என்பதுபோல் பேசினார். "மெஸ்ஸுல பேசிக்குவாங்க தம்பி, நெசமோ பொய்யோ அல்லாவுக்குத்தான் வெளிச்சம். இந்த வீட்டுல மொத மொதல்ல இருந்த தொரைக்கு நம்ம பக்கத்து ஆளு ஒருத்தரு குசினிக்காரரு, சமையல் வேலை. அம்மையப்பன்னு பேரு. மண்காத்து அடிக்கச்சே, வாறேன்னு தொரையம்மாகிட்ட சொல்லிட்டு எறங்குனாராம். அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியுமா? ஒண்ணும் சொல்லல. போன மனுசன் திரும்பி வரவே இல்ல. அதுக்கப்புறம் இங்க ஃபிலிப்பினோ இருந்தான், எகிப்து மிஸ்ரி இருந்தான். எல்லாருக்கும் சத்தம் கேட்டிருக்கு. எவனுக்கும் பாஷை தெரியாது. வாங்கன்னு ஒருத்தனும் சொன்னதில்ல."

சாவியை மரியராஜின் கையில் வைத்துவிட்டு பிக்கப்பில் ஏறினார். ஏறும்போது "அப்ப வா..." என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, "கலாஸ் தம்பி, முடிஞ்சது" என்று மட்டும் சொன்னார். வண்டி போய்விட்டது.

மரியராஜுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அப்புறம் சிரிப்பு. அதற்கும் அடியில் பயம். வேண்டாம், கிளம்பிவிடலாம் என்று காருக்குப் போனான். காரில் யாரும் இல்லை; அவன் பிக்கப் போன திசையைப் பார்த்து நின்றபோதே இறங்கிப் போயிருக்கிறார்கள். வீட்டுக்குள்ளிருந்து ரினியின் சிரிப்பு கேட்டது.

"ஏங்க, இங்க வந்து பாருங்க! ரெண்டு பெட்ரூமு! துணி காயப்போட கொல்லப்பக்கம்கூட இருக்குங்க!" ஷாஜினி ஓடி ஓடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒற்றை அறையில், திரைக்கு அந்தப்பக்கம் வேறொரு குடும்பம் இருமுவதைக் கேட்டபடி குசுகுசுவென்று பேசியே பழகியவள், இங்கே வாய்விட்டுப் பேசினாள். அவள் குரல் இவ்வளவு பெரியது என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. "இந்த வீட்ட விட்டுராதீங்க. நான் ஊருக்குப் போகமாட்டேன், சொல்லிட்டேன்."

"நல்ல வீடுதான் பிள்ளே" என்றான். வேறெதுவும் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. தூங்கி எழுந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றியது. களைத்துப்போனவனுக்கு எதுவும் அப்படித்தான் தோன்றும்.

அப்போதுதான் மண்காற்று வந்தது. தெருக்கோடியில் புகைபோக்கி முதலில் மறைந்தது, பிறகு மணிக்கூண்டு, பிறகு எதிர்வரிசைக் கூரைகள் ஒவ்வொன்றாக. வெயில் மஞ்சளாகி, செம்மண் நிறமாகி, நட்டநடுப் பகல் விளக்குப் போடும் நேரம்போல் இருண்டது. ஜன்னல் கண்ணாடியில் மணல் பொரிந்தது. சுவருக்குள்ளே எங்கோ ஒரு பழைய குழாய் உறுமி உறுமி அடங்கியது. இனி ரோட்டில் கார் ஓட்ட முடியாது. ஷாஜினி ஹால் விளக்கைப் போட்டுவிட்டு வழியில் வாங்கிவந்த பிரியாணிப் பொட்டலங்களை மேசைமேல் வைத்தாள்.

"டாடி, வாட்டர்" என்றாள் ரினி.

குழாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. தண்ணீர் கேன் கார் டிக்கியில் இருந்தது. கார் கேட்டுக்குப் பக்கத்தில்தான், பத்தடிகூட இருக்காது. கைக்குட்டையை முகத்தில் கட்டிக்கொண்டு கதவைத் திறந்து வெளியே கால் வைத்தான். ஷாஜினி உள்ளறையில் இருந்தாள். பழக்கதோஷம், வாய் தானாகச் சொன்னது.

"வாறேன்."

அடுக்களையிலிருந்து பதில் வந்தது. இந்த முறை குரலில் தணிவும் இல்லை, மரியாதையும் இல்லை. வீட்டுக்காரரின் குரல்.

"சரி, போங்க."

திரும்பினான். கதவு அவன் முகத்துக்கு நேரே சாத்திக்கொண்டது.

குமிழைத் திருகினான். திரும்பவில்லை. கதவைத் தட்டினான். கை வலித்தது, சத்தம் எழவில்லை. "பிள்ளே! கதவத் தொற!" வாய் நிறைய மண். துப்பினான். மறுபடியும் மண். காரைத் தேடிக் கையை நீட்டிக்கொண்டு நடந்தான். கார் இல்லை. கேட் இல்லை. கால் எதன்மேல் நிற்கிறது என்றே தெரியவில்லை. எந்தப் பக்கம் வீடு?

ஒரு வெளிச்சம். அதை நோக்கிப் போனான். சுவர் கைக்குத் தட்டுப்பட்டது. செங்கல்லைத் தடவித் தடவி ஜன்னலுக்கு வந்தான்.

உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஷாஜினி பொட்டலத்தைப் பிரித்துப் பரிமாறிக்கொண்டிருந்தாள். நாற்காலியில் ஓர் ஆள். முதுகு மட்டும் தெரிந்தது. நீலச் சட்டை. காலையில் ஷாஜினி தேய்த்துக் கொடுத்த சட்டை.

மரியராஜ் குனிந்து தன்னைப் பார்த்தான். சட்டை தெரியவில்லை. கையும் தெரியவில்லை. சுழலும் மண் மட்டும்.

அந்த ஆள் ஏதோ சொன்னார். ஷாஜினி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். வாய்விட்டு, கூச்சமில்லாமல், இந்த வீட்டில் இனி ஆயுசுக்கும் சிரிக்கப்போகிறவளைப்போல.

"ரினி! மக்களே, ரினி!"

குழந்தை தலையைத் தூக்கினாள். கேட்டுவிட்டது. அவளுக்குக் கேட்டுவிட்டது. நாற்காலியை விட்டு இறங்கி ஜன்னலுக்கு வந்தாள். இரண்டு கைகளையும் கண்ணோரம் குவித்துக் கண்ணாடியில் முகத்தை ஒட்டினாள். அவள் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது. நேராக அவன் முகத்தைப் பார்த்தாள். விரலிடை தூரம்.

பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"வெளிய யாரும் இல்ல, டாடி. மண்ணுதான்."

ஓடிப்போய், நீலச் சட்டைக்காரரின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.