தூங்காத சிப்

நெட்வொர்க் கேபிளைக் கழற்றி மேசைமேல் வைத்த பிறகும் மூச்சு எந்திரத்தின் பக்கவாட்டில் நெட்வொர்க் சிப்பின் பச்சை விளக்கு கண் சிமிட்டியது. அவள் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மழை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்த மதியம். காலையிலேயே கரண்ட் போய்விட்டது. ஈரச் சுவரின் வாடையும் மருந்து நெடியும் கலந்து கிடந்த அறையில், குழாய் வழியே தம்பியின் நெஞ்சுக்குள் காற்று புகுந்து திரும்பும் சத்தம் ஒன்றுதான் அவளுக்குத் துணை. பேட்டரி பதினெட்டு சதவீதம். கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ரப்பர் பை போன வாரமே கிழிந்திருந்தது.

போன் அடித்தது. ஆம்புலன்ஸைக் கூட்டிவரப் போயிருந்த அம்மா.

"பாலத்துல தண்ணி ஏறிடுச்சுடீ. சுத்திக்கிட்டு வரணுமாம். முக்கால் மணி நேரம் ஆகும். தாங்குமா?"

"தாங்கும்மா. நீ பதறாம வா."

தாங்காது. இருபத்தைந்து நிமிடம் வந்தால் அதிகம். ஆனால் எந்திரத்தின் நெட்வொர்க் சிப்பை ஆழ்ந்த தூக்கத்துக்கு அனுப்பிவிட்டால் அதோடு பாதிச் சர்க்யூட்டும் அடங்கி பேட்டரிச் செலவு குறையும். ஒரு மணி நேரம் ஓட்டிவிடலாம். அந்தச் சிப்பை எழுப்பவும் உறங்க வைக்கவும் புரோகிராம் எழுதியதே அவள்தான். "எந்திரத்துக்குத் தாலாட்டுப் பாடுறதெல்லாம் ஒரு வேலையாக்கா?" என்று, பேச்சு இருந்த காலத்தில், தம்பி அவளை ஓயாமல் கிண்டலடிப்பான். அவன் பேசி இரண்டு வருடமாகிறது.

லேப்டாப்பை இணைத்து ஆணையைத் தட்டினாள். விளக்கு அணைந்தது. அப்பாடா என்று சாய்ந்தாள். உடனே எரிந்தது.

தூங்கும் சிப்புக்கு ஒரே ஒரு காது உண்டு. யாராவது கம்பி வழியே அதன் எண்ணை ஒரே மூச்சில் பதினாறு முறை கூப்பிட்டால்தான் அது எழும். பதிவைத் திறந்து பார்த்தாள். எழுந்த காரணம்: அழைப்பு. கம்பியே இல்லையே! கூப்பிட்டது யார் என்று தேடினாள். அதே சிப்பின் எண். தன்னைத்தானே அது கூப்பிட்டு எழுப்பிக்கொண்டிருந்தது.

அந்தக் காதையும் அடைத்தாள். தூங்க வைத்தாள். எழுந்தது. சிப்புக்குப் போகும் மின்சாரத்தையே நிறுத்தினாள். நின்றுவிட்டது என்று திரை சொன்னது. விளக்கு எரிந்தது. பன்னிரண்டு சதவீதம். ஒன்பது.

"உன் கால்ல விழறேன், தூங்கித் தொலையேன்!" என்று அந்த எந்திரத்திடம் வாய்விட்டுக் கெஞ்சினாள். விரல்கள் வேர்வையில் வழுக்கின. நான்கு. தூங்கு. எழுந்தது. இரண்டு. தூங்கு. எழுந்தது.

ஒன்று.

எந்திரத்தின் திரை கறுத்தது. காற்றின் சத்தம் நின்றது.

"டேய்! தம்பி! டேய்!"

குழாயைப் பிடுங்கி எறிந்து, வாயோடு வாய் வைத்து ஊதினாள். நெஞ்சை அமுக்கினாள். மறுபடி ஊதினாள். எவ்வளவு நேரமோ. அவன் உதடு நீலமாயிற்று. கை சில்லிட்டது.

அப்போது அந்தச் செத்த எந்திரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. தம்பியின் நெஞ்சு எழுந்தது. விளக்கு அணைந்தது. நெஞ்சு தாழ்ந்தது.

படியில் காலடிகள். சொட்டச் சொட்ட நனைந்த அம்மா ஓடிவந்து அவன்மேல் விழுந்தாள்.

"மூச்சு வருதுடீ! என் புள்ளையக் காப்பாத்திட்டே!"

அவள் தம்பியின் மணிக்கட்டில் விரல் வைத்திருந்தாள். நாடி இல்லை. குழாய் தரையில் கிடந்தது.

விளக்கு எரிந்தது. தம்பியின் இமைகள் திறந்தன.

அணைந்தது. மூடின.