நாடி பிடித்த கை

உடற்கூறியல் துறை, கல்லூரியின் பின்பக்கம் தனித்து நின்ற பழைய கட்டடத்தில் இருந்தது. முதல் நாள் மதியம், புது வெள்ளைக் கோட்டின் மடிப்புகூடக் கலையாமல் நாங்கள் வரிசையாக உள்ளே போனோம். கதவைத் திறந்ததுமே ஃபார்மலின் நெடி கண்ணில் மிளகாயாக ஏறியது. மூக்கைப் பொத்தினால் வாய் வழியே வந்தது. வாயை மூடினால் நாக்கில் ருசியாகத் தங்கியது.

உயரமான சன்னல்கள். எஃகு மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ஈரத்துணி போர்த்திய ஓர் உருவம்.

எங்கள் மேசைக்கு மூன்று பேர். நான்; சதா சளசளவென்று பேசியே வாயாடி என்று பெயர் வாங்கிய என் அறைத்தோழி; நிலைப்படியில் தலையை இடிக்காமல் எந்த அறைக்குள்ளும் நுழையத் தெரியாததால் ஒட்டகம் என்று பெயரான வகுப்புத் தோழன். துணிக்கு அடியில் இருந்தவர் நடுத்தர வயதுப் பெண். உடலைத் தானமாகத் தந்தவர் என்பதற்கு மேல் பேராசிரியர் ஒன்றும் சொல்லவில்லை.

"இவங்கள என்னன்னு கூப்பிடறது?" என்றாள் வாயாடி.

"மேடம்னு கூப்பிடு. நம்மள பாஸ் பண்ண வைக்கப்போறதே இவங்கதான்," என்றான் ஒட்டகம்.

அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

கையில்தான் ஆரம்பித்தோம். தோலை உரித்து, கொழுப்பை வழித்தெடுத்ததும் முன்கையில் தசைநாண்கள் வெள்ளை நாடாக்களைப் போல வரிசையாகத் தெரிந்தன. இடுக்கியால் ஒன்றைப் பிடித்து இழுத்தால் கீழே ஒரு விரல் மடங்கும். எல்லா மேசையிலும் நடக்கிற விளையாட்டு அது. பேராசிரியர் தலை மறைந்தால் போதும், ஒட்டகம் ஆள்காட்டி விரலை மடக்கிக் காட்டி, "வாயாடி, மேடம் உன்னைக் கூப்பிடறாங்க பாரு," என்பான்.

ஒருநாள் மதியம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. நான் குனிந்து ஒரு நரம்பைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். ஒட்டகம் எதிரில் நின்று, மேடத்தின் உள்ளங்கைப் பக்கம் கையை வைத்து விளக்கைச் சரிசெய்துகொண்டிருந்தான். அவன் உயரத்துக்கு எந்தக் கோட்டும் பொருந்தாது. கையுறைக்கும் கோட்டுக்கும் நடுவே மணிக்கட்டு எப்போதும் வெறுமையாகத்தான் இருக்கும்.

"ஏய், விடு," என்றான்.

"எதை?"

"விளையாடாத. நீ இழுக்கறத விடு."

என் இடுக்கி தட்டில் கிடந்தது. வாயாடி சன்னலோரம் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

மேடத்தின் மூன்று விரல்கள் அவன் மணிக்கட்டின் மேல் மடங்கியிருந்தன. கட்டைவிரலுக்குக் கீழே, நாடி துடிக்கிற இடத்தில்.

யாரும் எதையும் இழுக்கவில்லை.

பிறகு அந்த விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. அவன் தோலில் மூன்று வெள்ளைத் தடங்கள். ஒட்டகம் முகம் வெளுத்து நின்றான். ஆனால் அவன் சுபாவம் அவனை விடவில்லை.

"நாடி பாத்துட்டாங்க. சொல்லுங்க மேடம், பொழைப்பேனா?"

அடுத்த வாரம் கால்பந்து ஆடும்போது மைதானத்தின் நடுவில் விழுந்தான். பந்து அவனைத் தாண்டி உருண்டு போனது. அவன் எழவில்லை.

இதயத் தசை பிறவியிலேயே தடித்திருந்தது என்றார்கள் மருத்துவர்கள். அவன் பொருள்களை எடுத்துப்போக அவன் அம்மா வந்தார். அந்தக் குட்டைக் கோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "காய்ச்சல்னுகூட ஒருநாள் படுத்ததில்லையே என் புள்ள," என்றே திரும்பத் திரும்பச் சொன்னார். நாங்கள் இருவரும் சுவரைப் பார்த்து நின்றோம்.

அதே வாரம் திசுவியல் வகுப்பில் நுண்ணோக்கிக்கு அடியில் இதயத் தசையை வைத்தார்கள். இளஞ்சிவப்பு இழைகள் கிளை பிரிந்து, ஒன்றோடொன்று கைகோத்து ஒழுங்காக ஓடின. அவனுக்கு இவையெல்லாம் சிக்கல் விழுந்த முடிபோல இருந்திருக்கும். அதற்கு மேல் எதையும் பார்க்க என் கண் விடவில்லை.

மேசையில் இருவரானோம். வாயாடி பேச்சைக் குறைத்துக்கொண்டாள். மேடத்தின் கைக்கு எட்டும் தூரத்தில் நிற்கமாட்டாள். அடியிலுள்ள தசைகளைப் பார்ப்பதற்காக மேலே ஓடிய தசைநாண்களை அறுக்கும் நாள் வந்தது. நானே கத்தி வைத்தேன். விரல்களை மடக்கும் இரண்டு அடுக்கையும், ஒன்று விடாமல். அறுந்த முனைகள் நார்நாராகத் தொங்கின. உள்ளுக்குள் ஒரு நிம்மதி. இனி இந்த விரல்களை மடக்க எதுவும் இல்லை.

"கொஞ்சம் இந்தப் பக்கம் வா. இதைப் பிடிச்சுக்கோ," என்றேன்.

தயங்கித் தயங்கி வந்தாள். கையை நீட்டினாள்.

நீட்டிய கை திரும்பவில்லை.



மூன்று விரல்களும் அவள் மணிக்கட்டில் இருந்தன. அறுந்த நாண்கள் மேலே அசையாமல் கிடந்தன. கீழே விரல்கள் அழுத்திக்கொண்டிருந்தன.

விரல்கள் விட்டதும் அவள் என் காதில், "யார்கிட்டயும் சொல்லாத," என்றாள். "பைத்தியம்னு சொல்லுவாங்க."

"உனக்கு உடம்புக்கு ஏதாவது பண்ணுதா? மறைக்காம சொல்லு."

"படியேறினா மூச்சு வாங்கும். குண்டா இருக்கேன்ல, அதான்."

கையுறையைக்கூடக் கழற்றவிடாமல் அவளை எதிரிலிருந்த மருத்துவமனைக்கு இழுத்துப்போனேன். இதய நோய்ப் பிரிவில் மூச்சிரைப்பை மட்டும் சொன்னோம். கையைப் பற்றி வாய் திறக்கவில்லை. இளம் மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை வைத்தவர், எடுக்காமல் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஸ்கேன் செய்தார்கள்.

"மேலறை ரெண்டுக்கும் நடுவுல பெரிய ஓட்டை. இத்தனை வருஷமா யாரும் கண்டுபிடிக்கலயா?"

கருவியல் வகுப்பில் அப்போதுதான் படித்திருந்தோம். கருவிலிருக்கும் குழந்தையின் இதயத்தில் ஒரு சுவர் மெல்ல வளர்ந்து இரண்டு அறைகளைப் பிரிக்கும். வாயாடிக்கு அந்தச் சுவர் பாதியில் நின்றுவிட்டிருந்தது.

அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். அதற்குள் எங்கள் மேசையின் வேலையும் முடிந்தது. மேடத்தின் உடலை முறைப்படி தகனம் செய்தார்கள். நான் கடைசிவரை நின்று பார்த்தேன். நன்றி சொல்வதா, பயப்படுவதா என்று தெரியவில்லை. ஒட்டகத்துக்குச் சொல்ல வந்ததை நாங்கள்தான் புரிந்துகொள்ளவில்லையோ என்று நினைத்தபோது அழுகை வந்தது. எப்படியோ, எல்லாம் சாம்பலாகிவிட்டது.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. தீவிரச் சிகிச்சைப் பிரிவிலிருந்து மாற்றிய மறுநாள் பார்வையாளர் நேரத்தில் வார்டுக்குப் போனேன். படுக்கைகளுக்கு நடுவே பச்சைத் திரைகள் தொங்கின. வாயாடி அயர்ந்து தூங்கினாள். அவள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"வா கண்ணு. இப்பதான் ஒரு டாக்டரம்மா பாத்துட்டுப் போனாங்க. நாடி பிடிச்சாங்க, உடனே விட்டுட்டாங்க. நல்லாயிட்டா போல."

ஆரஞ்சு வாசனைக்கு அடியில் வேறொரு நெடி இருந்தது.

கண் எரிந்தது.

"எந்த டாக்டர்ம்மா?"

"மூஞ்சி தெரியல. திரைக்கு அந்தப் பக்கமிருந்தே கைய நீட்டினாங்க. பழுப்பா ஒரு கையுறை, முழங்கை வரைக்கும். பாவம், கிழிஞ்சு நார்நாராத் தொங்குச்சு. நல்லதா ஒண்ணு வாங்கித் தரமாட்டாங்களா?"

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்க கையத் தொட்டாங்களா?"

"இல்லயே. ஏன் கண்ணு, இப்படி வேர்க்குது உனக்கு?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். பக்கத்துத் திரை லேசாக உள்வாங்கி அசைந்தது. அதற்கு அப்பாலிருந்து, தூக்கம் கலைந்த ஒரு கிழவரின் குரல் கேட்டது.

"டாக்டரம்மா... போதும். கைய விடுங்க."

சற்றுப் பொறுத்து, இன்னும் மெல்லிய குரலில்:

"விடுங்கம்மா..."